குதிரையைச் சாய்த்த டாக்டர்

எடின்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை என்று நீ என்னை எப்படியெல்லாம் திட்டியிருப்பாய் என்று எனக்கு வார்த்தை பிசகாமல் தெரியும். ஆனால் இந்தத் தடவை காரணம் சோம்பல் இல்லை, கால்.

மகள் வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம் ஒன்று இருக்கிறது. களை பிடுங்குகிறேன் என்று போய் உட்கார்ந்தேன். ஏதோ பூச்சி கணுக்காலில் கடித்தது. மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் கெண்டைக்கால் வரை ஏறியது. முப்பத்தைந்து வருஷம் ஊரார் காலையெல்லாம் பார்த்து மருந்து எழுதியவன், என் காலைப் பார்த்து 'ஒன்றுமில்லை, வெந்நீர் ஒத்தடம் போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகள்தான் பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டாள். ராத்திரிக்குள் அது கோட்டைத் தாண்டிவிட்டது. அப்புறம் பேச்சே இல்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மாத்திரை, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் கிடை. இப்போது நன்றாக இருக்கிறேன். தழும்புகூட இல்லை.

சோபாவில் கிடந்த அந்த ஒரு வாரத்தில் எனக்கு ஒருத்தனோடு சிநேகம் ஏற்பட்டது. செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆனவன். உன்னைப் போல டாக்டர். உன்னைப் போலவே காலைப் பிடித்தால் விடாதவன். கோட்டையைத் தவிர அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய் அல்லவா, அவனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் பகுதிக்கு ஸ்டாக்பிரிட்ஜ் என்று பெயர். கடைத்தெருவில் ரொட்டிக் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ரேபர்ன் பிளேஸ் மைதானம். உலகத்தின் முதல் சர்வதேச ரக்பி ஆட்டம் இங்கேதான் நடந்தது, 1871 மார்ச் 27-ல், ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும். ஒரு பக்கத்துக்கு 20 பேர்! இன்று 15 பேர்தான். நாற்பது ஆட்கள் ஒரு பந்துக்காக முட்டி மோதுவதைக் கற்பனை செய்துகொள், திருவிழாவில் பிரசாதம் கொடுக்கிற இடம் மாதிரி இருந்திருக்கும். ஸ்காட்லாந்து ஜெயித்தது. அன்று நடுவராக நின்றவர்களில் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர், ஆல்மண்ட் என்று பெயர். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் அதிகமாகக் கத்துகிறதோ அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிடுவதே சரி என்பது அவருடைய கொள்கை. நம் கல்லூரி சடுகுடுப் போட்டிக்கு அவர் நடுவராக வந்திருந்தால் உன் அணி ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்காது.

அந்த ஆட்டத்தில் ஆடியவர்களில் ஒருவன் ராபர்ட் இர்வின், பட்டப்பெயர் 'புல்டாக்'. 18 வயது இன்னும் நிறையவில்லை. பிறகு அணித்தலைவனானான், பிறகு பிட்லாக்ரி என்ற மலையூரில் டாக்டரானான். இந்த ஊரில் மருத்துவக் கல்லூரியும் ரக்பியும் அந்தக் காலத்திலிருந்தே ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடந்திருக்கின்றன. ஆனால் என் ஆள் இர்வின் இல்லை. அவனுக்கு அடுத்த தலைமுறை. பெயர் டேவிட் பெடெல்-சிவ்ரைட்.

பிறந்தது இதே எடின்பரோவில், 1880 டிசம்பர் 8. படித்தது ஃபெட்டிஸ் என்ற பள்ளியில். வீட்டிலிருந்து பூங்காவைக் கடந்தால் அதன் கோபுரம் தெரிகிறது, பள்ளிக்கூடம் மாதிரியே இல்லை, ராஜா பங்களா மாதிரி இருக்கிறது. அங்கிருந்து கேம்பிரிட்ஜ். 1900-ல் வேல்ஸுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு முதல் ஆட்டம். 1908 வரை மொத்தம் 22 ஆட்டங்கள். வருஷத்துக்கு மூன்று ஆட்டம் நடந்தாலே பெரிது என்ற காலத்தில் 22 என்பது சாதாரணமில்லை. அண்டை நாடுகள் மூன்றையும் ஒரே வருஷத்தில் தோற்கடித்தால் அதற்கு டிரிபிள் கிரௌன் என்று பெயர். ஸ்காட்லாந்து 1901, 1903, 1907-ல் அதை வாங்கியது. மூன்றிலும் இவன் இருந்தான்.

எந்த இடத்தில் ஆடுவான் என்று நீ கேட்பாய். ஃபார்வர்டு. அதாவது நம் சடுகுடுவில் நீ நின்ற இடம் மாதிரி, ஓடுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும், பிடிக்கிறவனுக்கு முட்டி தேயும். ஆடுகளத்தில் இறங்கிவிட்டால் பந்து மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும், குறுக்கே வருகிறவன் பாடு அவனோடு என்று இவன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னானோ இல்லையோ, ஆடியது அப்படித்தான் என்கிறார்கள்.

1904-ல் பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறியபோது இவன்தான் கேப்டன், வயது 23. ஆஸ்திரேலியாவில் 14 ஆட்டம், பதினாலும் ஜெயம். நியூசிலாந்தில் அடி வாங்கினார்கள். டெஸ்டில் 9-3 என்று தோல்வி. காலில் காயம் என்பதால் கேப்டன் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது நியூகாஸில் என்ற ஊரில் நடந்த சண்டை. டாப்சன் என்ற தன் ஆட்டக்காரன் கெட்ட வார்த்தை பேசினான் என்று நடுவர் வெளியே போகச் சொன்னார். இவன் வாதாடிப் பார்த்தான். நடுவர் மசியவில்லை. உடனே மொத்த அணியையும் அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே போய்விட்டான். சுமார் 20 நிமிஷம் ஆட்டம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் டாப்சன் இல்லாமல் திரும்பி வந்து ஆடினார்கள். பிறகு நடந்த விசாரணையில் டாப்சன் ஆபாசமாகப் பேசவில்லை என்றுதான் முடிவானது. (அந்த டாப்சன் கதை தனி. பல வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் காண்டாமிருகம் முட்டிச் செத்தான். நிஜமாகத்தான் சொல்கிறேன்.)

பயணம் முடிந்ததும் இவன் ஊர் திரும்பவில்லை. ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடு மாடு வளர்க்கிறேன் என்று இறங்கிவிட்டான். ஒரு வருஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. சலித்துப்போய்த் திரும்பி வந்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தான். இங்கேதான் மாப்ளே எனக்கு அவன் பிடித்துப்போனான். நாமெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் வந்த சூட்டில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் மருத்துவம் சேர்ந்தவர்கள். அவன் உலகத்தைச் சுற்றி, நாட்டுக்குக் கேப்டனாக இருந்து, மந்தையும் மேய்த்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு உடற்கூறியல் மேஜைக்கு வந்து நின்றிருக்கிறான்.

படிப்புக்கு நடுவிலும் ஆட்டம் விடவில்லை. 1905 நவம்பரில் நியூசிலாந்து அணி இங்கே வந்தது, ஆல் பிளாக்ஸ் என்ற பேரைப் பிரபலமாக்கிய அந்த அணி. இன்வர்லீத் மைதானத்தில் ஆட்டம், ஸ்காட்லாந்துக்கு இவன் கேப்டன். தரை உறைபனியில் இறுகிக் கிடந்ததாம். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்வரை ஸ்காட்லாந்து 7-6 என்று முன்னால் இருந்தது. கடைசி நேரத்தில் எல்லாம் போய் 12-7 என்று தோல்வி. இன்வர்லீத் இப்போதும் இருக்கிறது. கால் சரியானதும் நான் முதலில் நடந்து போனது அங்கேதான். பள்ளிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், வேலி ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்கா வந்தபோது கிளாஸ்கோவில் 6-0 என்று ஸ்காட்லாந்து கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அதிலும் இவன் உண்டு.

1909-ல் குத்துச்சண்டைக்குப் போய் ஸ்காட்லாந்தின் அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டத்தையும் வாங்கினான். போதாதென்று ஒரு கதை. ஏதோ ஒரு பெரிய ஆட்டம் முடிந்த ராத்திரி, இந்த ஊரின் முதன்மைச் சாலையான பிரின்சஸ் தெருவில் டிராம் தண்டவாளத்தின் மேல் போய்ப் படுத்துக்கொண்டானாம். ஒரு மணி நேரம் போக்குவரத்து நின்றதாம். தூக்கி ஓரமாகப் போட ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லையாம். பிறகு தானாக எழுந்து நடந்தவன், எதிரே வந்த வண்டிக் குதிரையைப் பாய்ந்து பிடித்துக் கீழே சாய்த்துவிட்டானாம். எல்லாம் 'ஆம்' போட்டுச் சொல்ல வேண்டிய சமாசாரம்தான். நம் ஊரில் ஜல்லிக்கட்டுக் காளை அடக்கினவனைப் பற்றி ஒவ்வொரு பொங்கலுக்கும் காளை ஒரு சாண் வளருமே, அந்த ரகம். ஆனால் ஒரு ஆளைப் பற்றி என்ன மாதிரிப் பொய் சொன்னால் ஊர் நம்பும் என்பதிலேயே அந்த ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடுகிறது.

நீ இதற்குள் 'சரியான ரௌடிப் பயல்' என்று முடிவு கட்டியிருப்பாய். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு விஷயம் உறைத்தது. குதிரையைப் பற்றிக் கதை இருக்கிறது, டிராமைப் பற்றி இருக்கிறது, குத்துச்சண்டைக்கு இருக்கிறது. அவன் டாக்டராகச் செய்ததைப் பற்றி ஒரு கதைகூட என் கண்ணில் படவில்லை. எத்தனை பேருக்குக் கட்டுப் போட்டிருப்பான், எத்தனை ராத்திரி விழித்திருப்பான். நம்மைப் பற்றி யோசித்துப் பார். நீ அந்தக் கால் இறுதிப் போட்டியில் ஆறு பேரைப் பிடித்ததை இன்னும் நம் செட்டில் பேசுகிறார்கள். நாற்பது வருஷத்தில் நீ பார்த்த பிரசவங்களைப் பற்றி யாராவது பேசுகிறார்களா?

சரி, மிச்சத்தைச் சொல்கிறேன். உலகப்போர் வந்தது. 1915 ஜனவரியில் அவர் கடற்படையில் மருத்துவராகச் சேர்ந்தார். (பார், கடிதத்தின் நடுவில் அவன் அவராகிவிட்டான். மாற்றி எழுத மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.) அனுப்பிய இடம் கலிபோலி. துருக்கியில் இருக்கும் அந்த ஒடுக்கமான தீபகற்பத்தில் ஏப்ரல் 25-ல் படைகள் இறங்கின, கரையைத் தாண்டி அதிகம் உள்ளே போக முடியாமல் மாதக்கணக்கில் குழிகளில் கிடந்தன. கோடை வெயில், குடிக்கத் தண்ணீர் பற்றாக்குறை, புதைக்க முடியாத பிணங்கள், அதனால் ஈ. துப்பாக்கிக் குண்டுக்குச் சமமாக வயிற்றுப்போக்கும் ஆளை எடுத்த இடம் அது. அவர் சண்டை நடக்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்த முதலுதவி நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே ஏதோ ஒரு பூச்சி கடித்தது.

ஆமாம் மாப்ளே, பூச்சி. இதைப் படித்தபோது என் கால் தலையணைமேல் இருந்தது.

அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். கரைக்கு அப்பால் நின்ற 'டன்லூஸ் காஸில்' என்ற ஆஸ்பத்திரிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டே நாள். 1915 செப்டம்பர் 5-ல் செப்டிசீமியாவில், கிருமி இரத்தத்தில் கலந்து, போய்விட்டார். வயது 34. ஹெல்லஸ் முனைக்கு அருகே கடலிலேயே அடக்கம். கல்லறை என்று ஒன்று கிடையாது, போர்ட்ஸ்மவுத்தில் இருக்கும் கடற்படை நினைவுச் சின்னத்தில் மற்றவர்களோடு ஒரு பெயராக இருக்கிறார்.

இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. அதே வருஷம் ஏப்ரல் 23-ல், அதே கலிபோலிக்குப் போகிற வழியில், அதே மாதிரி ஒரு கொசுக்கடி சீழ் வைத்து இரத்தத்தில் கலந்து ரூபர்ட் புரூக் என்ற கவிஞன் செத்தான், 27 வயது. அவனும் கேம்பிரிட்ஜ்காரன். பிறந்து வளர்ந்தது எந்த ஊர் தெரியுமா? இந்த விளையாட்டுக்கே பெயர் கொடுத்த ரக்பி. நான்கு மாத இடைவெளியில் ஒரே படையெடுப்பு, ஒரே சாவு. ஒருவனுக்கு ஊரெல்லாம் இரங்கல் எழுதியது. இன்னொருவரை ரக்பிக்காரர்களைத் தவிர யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு டாக்டர் தன் உடம்பில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீக்கம், அக்குள் வரை அல்லது தொடை வரை ஏறும் சிவப்புக் கோடு, குளிர், நடுக்கம், நாடி ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் அவருக்குத் தெரியும். லிஸ்டர் இதே எடின்பரோவில் பேராசிரியராக இருந்து கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் காயத்துக்கு வெளியே நிறுத்தக் கற்றுக் கொடுத்து நாற்பது வருஷமாகியிருந்தது. ஆனால் வெளியே நிறுத்தத்தான் தெரியும். உள்ளே இரத்தத்துக்குள் போய்விட்டால் அவர்கள் கையில் ஒன்றுமே இல்லை. கீறிச் சீழை வடியவிடலாம், ஒத்தடம் கொடுக்கலாம், காத்திருக்கலாம்.

அந்த நேரத்தில் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் இன்னொரு ஸ்காட்டிஷ் டாக்டர் போர்க் காயங்களில் சீழ் எப்படிப் பரவுகிறது, கிருமிநாசினி ஊற்றினாலும் ஏன் நிற்கவில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஐர்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர், நம் ஆளைவிட எட்டு மாதம் இளையவர். அலெக்சாண்டர் ஃபிளெமிங். அவர் பெனிசிலினைக் கண்டது 1928. அது ஊசி மருந்தாக ஒரு நோயாளி உடம்பில் ஏறியது 1941-ல், ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு. நன்றாகத் தேறிக்கொண்டு வந்தார், மருந்து தீர்ந்துவிட்டது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள், அப்படியும் போதவில்லை, இறந்துவிட்டார். இதை வகுப்பில் சொன்னபோது நீ பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

நான் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறபோதெல்லாம் அந்தக் கப்பல் ஞாபகம் வந்தது. அப்புறம் வேறொன்றும் வந்தது. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நாம் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், மாட்டுப் பொங்கல் கழித்து நாலாம் நாள் ராத்திரி ஒரு பையனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பத்தொன்பது வயசு. சடுகுடு ஆடி முட்டியில் சிராய்ப்பு. காயத்தில் காப்பிப் பொடியை அப்பியிருந்தார்கள். தொடையெல்லாம் வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. உன்னை அடையாளம் கண்டு, 'அண்ணே, நீங்க பிடிக்கிறதைப் பார்த்திருக்கேன்' என்று சொன்னான். நம்மிடம் பெனிசிலின் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் நீயேதான் போட்டாய், நர்ஸைக்கூட விடவில்லை. விடியற்காலையில் போய்விட்டான். அவன் அம்மாவிடம் யார் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். நீதான் போனாய்.

அதற்குப் பிறகு நீ மைதானத்துக்குப் போகவே இல்லை. முட்டி வலி என்று எல்லாரிடமும் சொன்னாய். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் முட்டியில் ஒன்றுமில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

பெடெல்-சிவ்ரைட் ஆட்டத்தை எப்போது விட்டார் என்று தேதி கிடைக்கிறது. அவர் டாக்டராக முதலில் யாரை இழந்தார், அன்று ராத்திரி என்ன செய்தார் என்பதெல்லாம் எங்கேயும் இல்லை. அந்த ராத்திரிக்குப் பிறகும் தண்டவாளத்தில் படுத்துக் கூத்தடிக்கிற ஆளாகவே இருந்தாரா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

சரி, வீட்டுச் சமாசாரம். பேரன் இப்போது ஸ்காட்டிஷ் உச்சரிப்பில்தான் என்னைத் 'தாத்தா' என்கிறான். பள்ளியில் ரக்பி சேர்த்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை மூக்கில் அடிபட்டு வந்தான், என் மகள் பத்ரகாளியாக நின்றாள், நான் பஞ்சு வைத்து அழுத்தி உட்கார வைத்தேன். தங்கச்சி சர்க்கரை அளவைப் பற்றி எழுதியிருந்தாயே, காலையில் வெறும் வயிற்றில் 180 என்றால் மாத்திரையை மாற்றத்தான் வேண்டும். நீயே பார்க்காதே, வேறு டாக்டரிடம் காட்டு. சொந்தக் காலைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்றவன் சொல்கிறேன், கேள்.

அடுத்த மாதம் மூன்றாம் வாரம் வந்துவிடுவேன். உனக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று எழுது, விஸ்கி என்று எழுதாதே, தங்கச்சி என்னைத்தான் வைவாள். வந்த மறுநாளே உன் வீட்டுக்கு வருகிறேன். சாயங்காலம் நம் பழைய காலேஜ் மைதானம் வரை நடந்துவிட்டு வரலாம், இப்போது பாய் விரித்துத்தான் கபடி ஆடுகிறார்களாம். நீ வருவதாக இருந்தால் மட்டும்.

உன் பழைய அறைத்தோழன்